எழுத்து வரும் கறுப்பு, எழுத்து வராத கறுப்பு

கார்த்திகை மாதம், சாயங்காலம் ஆறேகால். வெளியே இடி உருண்டுகொண்டிருந்தது. என் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் சேர்த்து 64 பெயர்கள். யாருக்கு ‘திருவாளர்’, யாருக்குப் பட்டம், எந்தச் சித்தப்பா பெயருக்குக் கீழே எந்தச் சித்தப்பா பெயர் வரவே கூடாது என்கிற பஞ்சாயத்தெல்லாம் முடிந்து, கடைசிப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தேன். திரை கறுத்தது. இரண்டு விநாடி கழித்து, ஒன்றுமே நடக்காதது போல, தயாரித்த கம்பெனியின் சின்னத்தோடு கம்ப்யூட்டர் மறுபடி கண் விழித்தது. 64 பெயரில் 40 பெயர் காணோம்.

வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

விருதுநகரில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். எழுதுவதெல்லாம் மிச்ச நேரத்தில். ஒன்பது வருடம் உழைத்த பழைய மெஷினை நானாக ஒதுக்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது; பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 ஏறாது என்றார்கள். சரி, காலத்தோடு போவோம் என்று உதிரி பாகங்களைச் சொல்லி, சென்னையில் ஒரு கடையில் அசெம்பிள் செய்யச் சொல்லி, பார்சல் சர்வீஸில் இறக்கினேன். எந்தக் கடை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எல்லாக் கடையிலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பதில்: “ஃபார்மட் போட்டுப் பாருங்க சார்.”

போட்டேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் விழுந்தது. “வைரஸா இருக்கும் சார்.” புது விண்டோஸில், இன்டர்நெட்டே கொடுக்காமல், எங்கேயிருந்து வந்தது வைரஸ்? “அப்போ கரன்ட் பிரச்சினை. ஸ்டெபிலைசர் போடுங்க.” போட்டேன். அதுவும் சேர்ந்து அணைந்து எரிந்தது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சொல் நன்றாகப் பழக்கம்: உராய்வு. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்றால் மறுநாள் பேப்பரில் பெரும்பாலும் அதே வாக்கியம்தான் இருக்கும்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதிலிருந்து இன்றுவரை இந்தச் சொல்லை எத்தனை முறை படித்திருப்போம்! யார் எதை உராய்த்தார்கள், அளவுக்கு மீறி அறையில் மருந்து ஏன் இருந்தது, அங்கே ஏன் அத்தனை ஆட்கள் நின்றார்கள் என்கிற கேள்விகளை எல்லாம் அந்த ஒரு சொல் மூடிவிடும். உயிர் போகிற விஷயத்தோடு ஒரு கம்ப்யூட்டரை ஒப்பிடுவது தகாது. ஆனாலும் சொல்கிறேன்: சர்வீஸ் கடைகளில் ‘வைரஸ்’, ‘விண்டோஸ் பிரச்சினை’, ‘கரன்ட் பிரச்சினை’ என்பவை அதே வேலையைத்தான் செய்கின்றன. காரணம் சொன்ன மாதிரியும் இருக்கும். காரணம் தேட வேண்டிய வேலையும் மிச்சம்.

“எந்தக் கறுப்பு அண்ணாச்சி?”

பெட்டியை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போனேன். ஏன் சிவகாசி என்று விருதுநகர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழிவரை இரவு பகல் பார்க்காமல் ஓடுகிற ஊர் அது. லேஅவுட் போடுகிற மெஷின் நின்றால் பிளேட் எடுக்கும் சி.டி.பி. நிற்கும், அது நின்றால் ஆப்செட் நிற்கும். அப்படி ஒரு ஊரில் கம்ப்யூட்டர் மெக்கானிக்காகக் குப்பை கொட்டுகிறவனுக்கு, ‘ஃபார்மட் போட்டுப் பாருங்க’ என்று சொல்லித் தப்பிக்க நேரம் கிடைக்காது. அச்சகங்களுக்குச் சர்வீஸ் பார்க்கிற தம்பி ஒருவரின் முகவரியைப் பழைய முதலாளி ஒருவர் கொடுத்திருந்தார். தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பெட்டியை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“விழும்போது என்ன தெரிஞ்சது அண்ணாச்சி?”

“கறுப்பா ஆச்சு தம்பி.”

“எந்தக் கறுப்பு?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முப்பது வருடமாக நாம் பார்த்துப் பழகிய நீலத்திரை இப்போது நீலமாக வருவதில்லை. விண்டோஸ் 11-இல் 2025-லிருந்து அது கறுப்புத் திரையாக மாறிவிட்டது. பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம், கீழே ஒரு பிழைப்பெயர், பிறகு ரீஸ்டார்ட். புது மெஷினில் அது இரண்டு விநாடிகூட நிற்பதில்லை. கண் சிமிட்டினால் தவறிவிடும். அது எழுத்து வருகிற கறுப்பு. விண்டோஸ் தன் கணக்கில் ஏதோ தப்பு நடந்ததைத் தானே கண்டுபிடித்து, இதற்கு மேல் ஓடினால் ஃபைல் கெடும் என்று பயந்து தானே நிறுத்திக்கொள்கிறது. இன்னொரு கறுப்பில் எழுத்தே வராது. விண்டோஸுக்கே தெரியாமல், மின்சாரத்தை யாரோ பிடுங்கின மாதிரி போகிற கறுப்பு அது. முன்னதற்கும் பின்னதற்கும் சம்பந்தமே கிடையாது. வைத்தியமும் வேறு.

“ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. தேதி, மணி, என்ன வேலை பார்த்தீங்க, எந்தக் கறுப்பு, அந்த நேரத்துல வீட்டுல வேற என்ன நடந்துச்சு. ஒண்ணையும் மாத்தாதீங்க. ஃபார்மட் மட்டும் போட்ராதீங்க, சாமி.”

காசு வாங்கவில்லை. போகும்போது ஒரு காரியம் மட்டும் செய்துகொடுத்தார். விண்டோஸில் ‘தானாக ரீஸ்டார்ட் ஆகு’ என்றிருந்த இடத்தில் டிக்கை எடுத்துவிட்டார். இனி எழுத்து வந்தால், நான் பார்க்கும்வரை நிற்கும்.

ஃபார்மட்டை அவர் ஏன் அப்படி வெறுக்கிறார் என்பதை அங்கேயே கேட்டேன். எழுத்து வந்து விழும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஒரு சின்னக் குறிப்பை ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் எழுதி வைக்கிறது. ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று ஒன்று, நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டுகிறது. ‘ஈவன்ட் வியூவர்’ இன்னும் விலாவாரியாகச் சொல்கிறது. ஃபார்மட் போட்டால் இத்தனையும் போச்சு. திருட்டு நடந்த வீட்டைக் கழுவிவிட்டு, அப்புறம் போலீசைக் கூப்பிடுவது போல.

ஈவன்ட் வியூவரைத் திறக்கிறவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் இருக்கும். பவர் என்று இருக்கிறதே என்று, கம்ப்யூட்டருக்குக் கரன்ட் பிரித்துத் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸை உடனே புதிதாக வாங்கி மாட்டியவர்களை எனக்கே தெரியும். முறையாக ஷட் டவுன் ஆகாமல் எப்படி நின்றாலும் அந்த 41 விழும். அது இறப்புச் சான்றிதழ் மாதிரி. ஆள் இல்லை என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்குள்ளே ‘பக்செக் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே பூஜ்யம் இருந்தால் எழுத்து வராத கறுப்பு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் எழுத்து வந்திருக்கிறது.

நாற்பது பக்க நோட்டு

பேரனின் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் என்றது 12 நாளாயிற்று, நடுவில் கல்யாணத்துக்குப் போய்விட்டதால். (அதே கல்யாணம்தான். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனது என் தலையில் விடிந்தது.) 12 நாளில் 17 முறை விழுந்தது. அதுவரை ‘எப்போது விழும் என்றே சொல்ல முடியாது’ என்றுதான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். 17 வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதில் 11 வரி எழுத்து வராத கறுப்பு. பதினொன்றும் சாயங்காலம் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். பதினொன்றிலும் ‘ஃபேன் மெதுவாச்சு’, ‘லைட் துடிச்சது’, ‘பக்கத்து வீட்டு மோட்டார்’ என்று ஏதாவது ஒன்று என் கையெழுத்திலேயே இருந்தது. மிச்சம் ஆறும் எழுத்து வந்த கறுப்பு. அவற்றுக்கு நேரம் காலம் கிடையாது. காலை பத்தரைக்கு ஒன்று, நடுச்சாமத்தில் ஒன்று, மெஷினைத் தொடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். நோட்டைப் படித்தார். நேராக இன்வெர்ட்டர் இருந்த மூலைக்குப் போய்க் குனிந்து அதன் முதுகைத் தடவினார்.

வீட்டு இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் ‘யூபிஎஸ்’; இன்னொரு பக்கம் ‘ஈக்கோ’ அல்லது ‘நார்மல்’. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக அது நார்மலில் கிடந்திருக்கிறது. மாட்டிவிட்டுப் போனவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். வோல்டேஜ் ரொம்பக் கீழே போகும்வரை அப்படியே விட்டுவிடும்; போன பிறகு சாவகாசமாகப் பேட்டரிக்கு மாறும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், கரன்ட் நின்ற பிறகு தன் வயிற்றில் இருக்கிற கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு முழு வேலையில் தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் ஏறக்குறைய 16, 17 மில்லி செகண்ட். ஒரு சுற்றுகூட இல்லை. யூபிஎஸ் பக்கம் சுவிட்சைத் தள்ளினால் இன்வெர்ட்டர் பத்து மில்லி செகண்ட் வாக்கில் மாறிவிடும். நார்மலில் அதைப்போலச் சில மடங்கு ஆகும். என் பழைய மெஷின் எப்படிப் பிழைத்தது? அதற்குத் தனியாக ஒரு குட்டி யூபிஎஸ் இருந்தது. புது மெஷின் வந்த அன்று, ‘இன்வெர்ட்டர்தான் இருக்கே’ என்று அதைத் தூக்கிப் பரணில் போட்டவன் நான்தான்.

சுவிட்சைத் தள்ளினார். மெயினை நாலு முறை போட்டு அணைத்தார். மெஷின் அசையவில்லை.

எழுந்தவர், பெட்டியின் இரும்பு உடம்பில் புறங்கையை வைத்தார். “சுருக்குங்குதே அண்ணாச்சி.” ஆமாம், வந்த நாளிலிருந்தே அப்படித்தான். குளிர்காலத்துக்கு அப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன். எர்த் இல்லாததன் அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கிற வடிகட்டி, சிறு கசிவு மின்சாரத்தை எர்த் வயரில் தள்ளிவிடுகிற மாதிரி அமைக்கப்பட்டிருக்கிறது. எர்த் போகாவிட்டால் அது பெட்டியின் உடம்பிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி. கரன்ட்டின் அளவு மிகச் சிறிது என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. “இன்னைக்குச் சுருக்குன்னுதான் இருக்கும். உள்ள ஒரு வயர் பாடியில தொட்டுச்சுன்னா அதோட நிக்காது” என்றார்.

எங்கள் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி காய்ந்துபோனால் வீட்டில் எத்தனை மூன்று துளை பிளக் இருந்தும் பிரயோசனமில்லை. “எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துங்க” என்று பழைய வயர்மேன்கள் தலைபாடாக அடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் குழி காயக்கூட இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மூன்றாவது காலை யாரோ உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகியிருந்தார்கள். ‘யாரோ’ என்றே இருக்கட்டும்.

ஒரு நோய் தீர்ந்தது, இன்னொன்று?

அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை பதினொன்றுக்கு விழுந்தது.

பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ‘இன்வெர்ட்டரையும் பார்த்தாச்சு, எர்த்தும் பார்த்தாச்சு, அப்பவும் விழுது, அது காரணமே இல்லை’ என்று தோன்றிவிடும். ஒழுங்காகச் செய்த வைத்தியத்தையும் தப்பு என்று தள்ளிவிட்டு மறுபடி ஃபார்மட்டில் போய் நிற்போம். கையில் நோட்டு இருந்ததால் தப்பித்தேன். விழுந்தது எழுத்து வந்த கறுப்பு. இன்வெர்ட்டரை மாற்றிய பிறகு எழுத்து வராத கறுப்பு ஒன்றுகூட இல்லை. ஒரே உடம்பில் டைபாய்டும் மலேரியாவும் சேர்ந்து இருந்திருக்கின்றன, ஒன்று தீர்ந்திருக்கிறது.

2024 ஜூலை 19-ஆம் தேதி நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால், உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் ஒரே நாளில் நீலத்திரையில் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து விழுந்ததால் காரணம் சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தனியாக, வீட்டு முன்னறையில் விழுகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

மறுபடி சிவகாசி. தம்பி மினிடம்ப் குறிப்புகளை வரிசையாகத் திறந்தார். ஏழில் ஐந்து விதமான பெயர்கள்: மெமரி மேனேஜ்மென்ட் என்று இரண்டு, ஐ.ஆர்.க்யூ.எல். என்று ஒன்று, பேஜ் ஃபால்ட் என்று இரண்டு, மற்ற இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்ட ஃபைலும் வேறு. “ஒரே பேரு, ஒரே ஃபைலுன்னு திரும்பத் திரும்ப வந்தா டிரைவர் மேல சந்தேகப்படணும். பழைய தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேர் டாங்கிள் வெச்சிருக்கிற அச்சகத்துல அப்படி நிறையப் பார்த்திருக்கேன். புது விண்டோஸுக்கும் பழைய டாங்கிள் டிரைவருக்கும் ஒத்துக்காது. தடவைக்கு ஒரு பேரு வந்தா, அது பாவம், என்ன பண்ணும்? நிக்கிற தரையே ஆடுது.” தரை என்று அவர் சொன்னது ரேம்.

ரேம் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றும் ஓட்டைப் பானை. விநாடிக்குப் பல முறை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் வைத்தது நிற்கும். ஒரு பானை மட்டும் சீக்கிரம் வடிந்தால், அதில் அந்த நேரம் எது இருந்ததோ அது கெடும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்து இருந்திருந்தால் எழுத்துப் பிழை; விண்டோஸின் முக்கியமான கணக்கு இருந்திருந்தால் கறுப்பு. எது எப்போது எங்கே உட்காரும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால்தான் நமக்கு அது தற்செயல் போலத் தெரிகிறது. பானை என்னவோ அதே பானைதான்.

இது அபூர்வமும் இல்லை. கூகுளின் சர்வர்களை டொரான்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் எட்டு சதவீதத்துக்கும் மேலான ரேம் பலகைகளில் பிழை தென்பட்டதாகக் கணக்கு. சர்வர்களில் அதைத் திருத்திக்கொள்ள வசதி உண்டு. வீட்டு மெஷினில் பெரும்பாலும் அந்த அளவு வசதி கிடையாது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் விழுந்த கணக்குகளைப் புரட்டினார்கள். பிராசஸர் கோளாறால் ஒரு முறை விழுந்த மெஷின் மறுமுறை விழுகிற வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுகிறது என்று வந்தது. ‘ஒரு தடவைதானே, பார்த்துக்கலாம்’ என்பவர்கள் கவனிக்க. கூடவே, கடையில் கோத்த மெஷின்கள் கம்பெனி மெஷின்களைவிட அதிகம் விழுகின்றன என்றும், பிராசஸரைக் கொஞ்சம் முடுக்கி ஓட்டினால்கூட அதிகம் விழுகிறது என்றும் வந்தது.

முடுக்கி ஓட்டுவது நாம் இல்லையே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். விண்டோஸ் எழும் முன்பே ஓடுகிற பயாஸுக்குள் தம்பி போய்க் காட்டினார். ‘எக்ஸ்எம்பி’ என்று ஒன்று ஆனில் இருந்தது. என் பிராசஸர் ஐ5-14400. அதற்கு இன்டெல் உத்தரவாதம் தருகிற டிடிஆர்5 ரேம் வேகம் 4800. ரேம் பெட்டியில் அச்சடித்திருப்பது 6000. அந்த 6000-ஐ எடுக்கத்தான் எக்ஸ்எம்பி. பெரும்பாலும் ஓடும், ஆனால் பேப்பரில் அது முடுக்கி ஓட்டுவதுதான். அதை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினார். விண்டோஸே இல்லாமல் ஓடுவதால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. நாலு சுற்று, ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால், அப்போதும் பிழைகள் இருந்தன.

பிறகு நடந்ததைப் பார்க்க அழகாக இருந்தது. இரண்டு ரேம் பலகை, இரண்டு இடம். முதல் பலகையைத் தனியாகப் போட்டால் பிழை. அதே இடத்தில் இரண்டாவதைப் போட்டால் சுத்தம். முதலாவதை இடம் மாற்றிப் போட்டால், அங்கேயும் பிழை. குற்றம் இடத்தோடு நிற்கவில்லை, ஆளோடு போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். மாற்றிய ஒவ்வொன்றையும் என் நோட்டிலேயே எழுதினார். அவசரப்பட்டு இரண்டு பலகையையும் மாற்றி, எக்ஸ்எம்பியையும் அணைத்து, பயாஸையும் புதுப்பித்திருந்தால் மெஷின் ஓடியிருக்கும். எது கெட்டது என்று கடைசிவரை தெரிந்திருக்காது. நல்ல பலகைக்கும் சேர்த்துக் காசு போயிருக்கும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

செம்புத் தகடு

அந்த மேஜையில் நான் மறக்காத பொருள் ஒன்று உண்டு. விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்திருந்தார். அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போனது. ஒவ்வொரு முறை ரேமைத் தொடும் முன்பும் அதன் மேல் கையை வைத்தார். பேசிக்கொண்டே, கும்பிடு போடுகிற மாதிரி.

அவருடைய அப்பா பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மருந்து கலக்கிற, செலுத்துகிற அறைகளின் வாசலில் இப்படி ஒரு செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற மின்னேற்றத்தை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி. நைலான், பாலியஸ்டர் கூடாது. இரும்புக் கருவி கூடாது. ஒரு சட்டையைக் கழற்றுகிற நேரத்துப் பொறி, அலுமினியத் தூள் கலந்த மருந்துக்குப் போதும் என்பது சிவகாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் விரல் நுனியில் பொறி தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். ரேம் சில்லுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். நூறு, இருநூறு வோல்ட்டிலேயே காயப்படக்கூடியவை உண்டு. நமக்குத் தெரியாமலேயே கொன்றுவிடலாம். அதைவிட மோசம், கொல்லாமல் காயப்படுத்துவது. கடையில் சோதிக்கும்போது ஓடும், பார்சலில் வரும், வீட்டுக்கு வந்து நாலாம் நாள் ஆடத் தொடங்கும். உலகத்திலேயே நிலைமின்சாரத்துக்கு அதிகம் பயப்படுகிற ஊர்க்காரர்கள் நாம். பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு, ஏசி ரூமில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்கையால் ரேமைப் பிடுங்கிச் செருகுகிற கடைகளும் நம்மூரில்தான் இருக்கின்றன.

வேறு காரணங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. பார்சலில் குலுங்கி வந்த பெட்டியில் பிராசஸர் மேலிருக்கிற ஃபேனின் நாலு காலில் ஒன்று கழன்றிருக்கலாம். எங்கள் சித்திரை வெயிலில் அது ஒன்றே போதும். அச்சகங்களில் தாள் ஒட்டாமல் இருக்க ஆப்செட் மெஷினில் அடிக்கிற ஸ்பிரே பவுடர், மாவு மாதிரி ஃபேனில் போய் அப்பிக்கொள்ளும். புதுப் பெட்டியைத் திறந்து எல்லா இணைப்பையும் ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டும் என்பது தம்பியின் கணக்கு.

பிராசஸரே கெட்டுப்போகிறதும் உண்டு. சமீபத்தில் உலகமே பார்த்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர்கள் காரணமில்லாமல் விழத் தொடங்கின. கேம் ஆடுகிறவர்களுக்கு ‘கிராபிக்ஸ் மெமரி போதவில்லை’ என்று பிழை வந்தது. நல்ல கிராபிக்ஸ் கார்டுகளை மாற்றி மாற்றி ஓய்ந்தார்கள். 2024 ஜூலையில்தான் இன்டெல் ஒப்புக்கொண்டது: பிராசஸருக்குள் இருக்கிற மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே அடிபட்ட சில்லைத் திருத்தம் குணமாக்காது என்பதால் உத்தரவாதத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். அந்தத் தலைமுறையில் ஐ7, ஐ9, அல்லது ‘கே’ எழுத்துள்ள ஐ5 வைத்திருக்கிறவர்கள், பயாஸ் புதுப்பித்தாயிற்றா என்று ஒரு முறை பாருங்கள். அத்தனை பெரிய கம்பெனிக்கே காரணம் சொல்ல மாதக்கணக்கில் ஆயிற்று.

மறுபடி என் கதை. விற்ற கடைக்கு போன் போட்டேன். இந்த முறை புலம்பவில்லை. மெம்டெஸ்ட்டின் முடிவுப் படம், பலகையை இடம் மாற்றிய வரிசை, நோட்டின் பக்கங்கள், எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “ஃபார்மட்” என்ற சொல்லே வரவில்லை. இரண்டு பலகையையும் ஜோடியாக அனுப்பச் சொன்னார்கள். 19 நாள் கழித்துப் புது ஜோடி வந்தது. அதுவரை பழைய மெஷினில் ஓட்டினேன்.

அனுப்ப மறுத்திருந்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை சென்னையில் இருந்தாலும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கின பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோர் இல்லை’ என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2019-ஆம் வருடத்துச் சட்டத்தில் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. வீட்டு முன்னறையில் டிடிபி போடுகிறவர்கள், தையல் டிசைன் போடுகிறவர்கள், ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

புது ரேமை மாட்டிய அன்று மெஷின் சில நிமிடம் திரையே காட்டவில்லை. நெஞ்சு அடைத்துவிட்டது. டிடிஆர்5 ரேம் முதல் முறை தன்னைத் தானே அளந்து சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும், அணைத்துவிடாமல் காத்திருக்க வேண்டும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார்; பயத்தில் மறந்துபோயிற்று. வேகம் 4800-லேயே ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். நோட்டில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை. மீதிப் பக்கங்களைப் பேரன் திருப்பி வாங்கிக்கொண்டான்.

நீங்கள் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் முதுகில் அந்தச் சின்ன சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.